காசு போட்டால் இசை – 6: எரிமலையும் இன்வேடரும்

பாங் இயந்திரத்தில் பந்து மட்டையில் படும்போது எழும் ஓசையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கூட்டத்தின் ஆரவாரம் வேண்டும் என்று முதலாளி நொலன் புஷ்னெல் கேட்டார். அதைச் செய்ய, இயந்திரத்தை வடிவமைத்த ஆலன் அல்கார்னிடம் பாகமும் இல்லை, பலகையில் இடமும் இல்லை. திரைக்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்சுற்றைத் துழாவி, காதுக்குப் பொருத்தமாகப்பட்ட ஒன்றிரண்டு ஒலிகளை எடுத்து ஒட்டவைத்தார். அது 1972. அந்த ஓசையை யாரும் இசை என்று சொல்லவில்லை. அல்கார்னும் சொல்லவில்லை.

ஆறே ஆண்டுகளில் டோக்கியோவில் மூன்று பேர் அதே இனத்து ஓசைகளை ஓர் இசைத்தட்டின் முதல் பாடலாக வைத்தார்கள். வீடியோ கேமிலிருந்து பிறந்த இசைக்கு ஒரு தொடக்கப்புள்ளி வைத்தே ஆகவேண்டும் என்றால் நான் அங்கேதான் வைப்பேன். வேறு இடம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்துக்குப் பிறகு வருகிறேன்.

1978 பிப்ரவரி. ஹருவோமி ஹொசோனோவுக்கு அப்போது வயது 30. ஜப்பானிய மொழியிலேயே ராக் பாடமுடியும் என்று காட்டிய 'ஹேப்பி எண்ட்' குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவர், ஊரறிந்த பெயர். தன் வீட்டுக்கு இரண்டு பேரை அழைத்தார். ஒருவர் யுகிஹிரோ தகாஹாஷி. 'சடிஸ்டிக் மிக்கா பேண்ட்' குழுவின் டிரம்மர், 1975இல் ராக்ஸி மியூசிக்குடன் இங்கிலாந்தைச் சுற்றி வந்தவர், உடையிலும் நடையிலும் பகட்டுக்காரர். மற்றவர் ரியூச்சி சகமோட்டோ. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பில் முதுகலை முடித்தவர். 'பேராசிரியர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு விழப்போவது இந்தக் கூட்டாளிகளிடமிருந்துதான்.

குளிர்காலத்தில் ஜப்பானிய வீடுகளில் அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேசை போடுவார்கள். அதைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். ஹொசோனோ ஒரு நோட்டுப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஃபூஜி மலை வெடித்துச் சிதறும் படம் ஒன்று. பக்கத்திலேயே திட்டம்: மார்ட்டின் டென்னியின் 'ஃபயர்கிராக்கர்' மெட்டைச் சின்தசைசரில் டிஸ்கோவாக மாற்றுவது, உலகம் முழுக்க 40 லட்சம் தட்டுகள் விற்பது. நாற்பது லட்சம்! அன்றைய ஜப்பானிய இசைக்குழு எதுவும் கனவில்கூடப் போடாத கணக்கு. வந்த இருவரும் மறுக்கவில்லை. யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா, சுருக்கமாக ஒய்.எம்.ஓ., அந்த மேசையில் பிறந்தது.

மார்ட்டின் டென்னி யார் என்று சொல்லாமல் போனால் இந்தக் கதையின் குறும்பு பிடிபடாது. அமெரிக்கப் பியானோக்காரர். ஹவாயில் தங்கிக்கொண்டு, சுற்றுலாப் பயணிகளுக்காகப் பறவைக் குரல்களும் மணியோசையும் கலந்து 'கீழைநாட்டு' மணம் வீசும் இசை வாசித்தவர். 'ஃபயர்கிராக்கர்' 1959இல் வந்தது. கேட்டால் சீனமும் ஜப்பானும்போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டும் இல்லை, ஓர் அமெரிக்கர் கற்பனை செய்த ஆசியா. அந்தக் கற்பனையைக் கணினிக் குரலில் வாசித்து அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புவது ஹொசோனோவின் திட்டம். கீழைநாடு என்றால் பகோடாவும் பட்டாசும் என்று நினைப்பவனுக்கு, கீழைநாடு என்றால் இனிமேல் டிரான்சிஸ்டர் என்று சொல்லும் பதில். இந்தக் கிண்டல்தான் அவர்களை வீடியோ கேமிடம் கொண்டு சேர்த்தது.

1978 கோடையில் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் டோமோஹிரோ நிஷிகாடோ. பதினொன்று பதினொன்றாக ஐந்து வரிசை, மொத்தம் 55 வேற்றுக்கிரக ஜந்துக்கள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்கும். நாம் கீழேயிருந்து சுட வேண்டும். இதில் இன்டெல் 8080 என்ற மூளைக்கு ஒரு சிக்கல்: 55 உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதற்குத் தெம்பு போதாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகர்த்தும். நாம் சுட்டுத் தள்ளத் தள்ள நகர்த்தவேண்டியவை குறைகின்றன, எஞ்சியவை வேகமெடுக்கின்றன. கோளாறாகத் தொடங்கியதை நிஷிகாடோ விளையாட்டின் உயிராகவே வைத்துக்கொண்டார்.

அந்த நடைக்கு ஒத்து அடியில் நான்கு கனத்த சுரங்கள் மேலிருந்து கீழாக இறங்கி, மீண்டும் மீண்டும் ஒலிக்கும். ஜந்துக்கள் வேகமெடுத்தால் சுரங்களும் வேகமெடுக்கும். சவுக்க காலத்தில் ஆரம்பித்து, கடைசி ஜந்து ஓடும்போது துரித காலத்துக்குப் போய்விடும். காலத்தைக் கூட்டுவது யார்? சுடுகிறவர்தான். நெஞ்சு அடித்துக்கொள்வதும் அவருக்கே. நான்கே சுரம், ஒரு மெட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் கேட்பவரின் கைக்கு ஏற்பத் தன் காலப்பிரமாணத்தை மாற்றிக்கொள்ளும் பின்னணி இசை அதற்குமுன் எந்தக் கச்சேரியிலும் எந்தத் திரைப்படத்திலும் இருந்ததில்லை.

காபிக் கடைகளில் மேசைகளை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அடியில் திரை பதித்த கேம் மேசைகளைப் போட்டார்கள். இன்வேடர் மட்டுமே உள்ள கூடங்கள் முளைத்தன. ஒரு ஆட்டத்துக்கு 100 யென். (நாட்டில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்ற கதையைப் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். நல்ல கதைதான். ஆனால் நாணயச்சாலைக் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை; நம்ப வேண்டாம்.)

தேதியைக் கவனியுங்கள். ஒய்.எம்.ஓ. தன் முதல் தட்டின் ஒலிப்பதிவை டோக்கியோ ஷிபாவுராவில் இருந்த ஆல்ஃபா ஸ்டூடியோவில் 1978 ஜூலையில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்தில் முடித்தது. இன்வேடர் மோகம் உச்சத்துக்குப் போனது அடுத்த ஆண்டு. ஆக, ஓடுகிற காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. காற்று எழும்போதே காது கொடுத்தவர்கள்.

நவம்பர் 25இல் தட்டு வந்தது. முதல் பாட்டுக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் கேம் – சர்க்கஸ் தீம்'. 'சர்க்கஸ்' என்பது எக்ஸிடி நிறுவனம் 1977இல் விட்ட விளையாட்டு. ஏற்றப்பலகையில் குதித்து கோமாளிகள் பலூன் உடைப்பார்கள். பாட்டு என்று சொல்கிறேனே தவிர, ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு வெடியும் பீப்பும் துண்டு மெட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று முட்டி மோதும் சத்தம் அது. ஒரு கேம் கூடத்தின் நடுவில் நம்மைக் கொண்டுபோய் விட்டதுபோல் எந்த இயந்திரம் எங்கே கத்துகிறது என்று புரியாது. அந்த இரைச்சல் அடங்குவதற்குள் 'ஃபயர்கிராக்கர்' வந்து வெடிக்கிறது. அதன்பின் இரண்டு பாடல் கழித்து, பக்கத்தின் முடிவில் 'கம்ப்யூட்டர் கேம் – இன்வேடர் தீம்', முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. முதல் பக்கம் கேமில் தொடங்கி கேமிலேயே முடிகிறது. அதாவது கேம் இரைச்சல் அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல; முழுப் பக்கத்துக்கும் அதுதான் வாசற்படி.

கேட்பவர்கள் எல்லாம் கணினி வாசித்தது என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி உண்மை. அவர்களிடம் இருந்தது ரோலண்ட் எம்.சி.-8 என்ற கருவி. 1977இல் வந்தது, விலை 12 லட்சம் யென், நினைவகம் 16 கிலோபைட். அதில் பியானோக் கட்டை கிடையாது. கால்குலேட்டர்போல எண் பொத்தான்கள் மட்டும். ஒரு சுரத்துக்கு மூன்று எண்: எந்தச் சுரம், அடுத்த சுரம் வரை எவ்வளவு இடைவெளி, அதில் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள். இதைப் பொறுமையாக அடித்தவர் ஹிதேகி மட்சுதாகே. ஈசாவோ டொமிடாவிடம் தொழில் பழகியவர். 'நான்காவது உறுப்பினர்' என்றே அவரைச் சொல்வார்கள். மேடையில் ஆளுயர மூக் சின்தசைசர் விளக்குகள் மினுக்க நிற்க, அதன் முன்னால் மட்சுதாகே உட்கார்ந்து, ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டின் எண்களைக் கேசட்டிலிருந்து ஏற்றிக்கொண்டிருப்பார்.

அந்த இயந்திரக் கணக்குக்கு மேலே தகாஹாஷி கையால் டிரம் வாசித்தார். காதில் ஹெட்ஃபோன், அதில் இயந்திரம் கொடுக்கும் 'டிக் டிக்'. இயந்திரம் தடம் போட, மனிதர் அதிலிருந்து ஒரு இழையும் விலகாமல் ஓட வேண்டும். இன்வேடர் ஆடுகிறவர் நிலைமையும் இதுதானே. ஒய்.எம்.ஓ.வின் கேம்தன்மை பீப் ஓசையில் இல்லை, இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பின்னால் வந்த பல குழுக்கள் பீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டன.

அமெரிக்காவில் ஏ அண்ட் எம் நிறுவனம் 1979இல் வேறு ஒலிக்கலவையோடு தட்டை வெளியிட்டது. அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிரீக் தியேட்டரில் 'தி டியூப்ஸ்' குழுவுக்கு முன்னோடியாக வாசித்தார்கள். 'கம்ப்யூட்டர் கேம்' பாட்டு 'ஃபயர்கிராக்கரோடு' சேர்த்துச் சிங்கிளாக வந்து 1980இல் பிரிட்டிஷ் பட்டியலில் 17ஆம் இடம் பிடித்தது. கறுப்பின இசைக்கே உரிய 'சோல் டிரெயின்' தொலைக்காட்சி மேடையில் அதே ஆண்டு மூவரும் நின்றார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளர் டான் கார்னீலியஸ் அவர்களைப் பேட்டி கண்டார். நாற்பது லட்சக் கனவு நிறைவேறவில்லை. ஆனால் ஃபூஜி மலை ஓரளவு புகைந்தது.

ஜப்பானில் வெடித்தது இரண்டாவது தட்டு, 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்', 1979 செப்டம்பர். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் தகாஹாஷி மெட்டமைத்த 'ரைடீன்' குதிரைக் குளம்படிபோலத் தாவிப் பாயும் பாட்டு. அதற்கு நேர்ந்ததுதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம். 1982இல் சேகாவின் 'சூப்பர் லோக்கோமோட்டிவ்' என்ற ரயில் விளையாட்டில் பின்னணியாக ரைடீன் ஓடியது. 1984இல் இங்கிலாந்தில், கமடோர் 64 கணினிக்கான 'டேலி தாம்சன்ஸ் டெக்கத்லான்' விளையாட்டில் மார்ட்டின் கால்வே அதையே அமைத்து வைத்தார். ஜாய்ஸ்டிக்கை உடைகிற அளவுக்கு ஆட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பையன்களில் எத்தனை பேருக்கு அது ஜப்பானியப் பாட்டு என்று தெரிந்திருக்கும்? கேமிலிருந்து எடுத்தவர்களிடமிருந்து கேம் திரும்ப எடுத்துக்கொண்டது.

இடையில் அமெரிக்கா என்ன செய்தது? அட்லாண்டாவைச் சேர்ந்த பக்னர் – கார்சியா இரட்டையர் 'பேக்-மேன் ஃபீவர்' என்று பாடினார்கள். 1982 மார்ச்சில் பில்போர்டு பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறியது. ஆட்டத்தின் ஓசைகளும் அதில் கேட்கும். தொடக்கப்புள்ளி இதுதான் என்பவர்கள் உண்டு என்றேனே, அது இந்தப் பாட்டைத்தான். எனக்கு ஒப்புதல் இல்லை. சட்டைப்பை நிறையச் சில்லறையோடு கேம் கூடத்துக்குப் போகிறவனைப் பற்றிய சாதாரண ராக் பாட்டு அது. கேமைக் கழற்றிவிட்டு மீன்பிடியைப் போட்டாலும் பாட்டு நிற்கும். ஒய்.எம்.ஓ.வில் கேமைக் கழற்றினால் ஒன்றும் மிஞ்சாது.

1983 முடிவில் ஒய்.எம்.ஓ. கலைந்தது. ஹொசோனோ ஓய்ந்திருக்கவில்லை. அவரும் தகாஹாஷியும் ஆல்ஃபா இசைத்தட்டு நிறுவனத்துக்குள் 'யென்' என்று தனி முத்திரை நடத்திவந்தார்கள். அதில் 1984 ஏப்ரல் 25 அன்று வந்தது 'வீடியோ கேம் மியூசிக்'. கேம்களின் இசையை மட்டுமே கொண்ட முதல் இசைத்தட்டு இதுவே என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நாம்கோ நிறுவனத்தின் பத்து விளையாட்டுகள்: செவியஸ், பாஸ்கோனியன், பேக்-மேன், ஃபோசான், மேப்பி, லிபிள் ராபிள், போல் பொசிஷன், நியூ ராலி-எக்ஸ், டிக் டக், கலாகா.

நாம்கோ ஏன்? அவர்களிடம் சொந்த ஒலிச்சுற்று இருந்தது. மற்றவர்கள் கடையில் கிடைத்த சில்லுகளின் ஒரே மாதிரிச் சதுர அலையோடு மாரடித்தபோது, நாம்கோவில் அலையின் வடிவத்தையே வரையலாம்: 32 படிகள், ஒவ்வொரு படிக்கும் 16 உயரங்களில் ஒன்று. அப்படி மூன்று குரல் ஒரே நேரத்தில் பாடும். சிறிய கட்டம்தான். ஆனால் அதற்குள் புல்லாங்குழல் சாயலும் வரும், ஆர்மோனியச் சாயலும் வரும். பேக்-மேன் அவ்வளவு குழைவாகப் பாடுவதற்கும் இன்வேடர் அவ்வளவு முரடாக உறுமுவதற்கும் வித்தியாசம் இதுதான்.

அந்தக் கட்டத்துக்குள் எழுதியவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். பேக்-மேனுக்கு டோஷியோ காய். கலாகாவுக்கும் மேப்பிக்கும் நொபுயுகி ஓனோகி. டிக் டக்குக்கும் செவியஸுக்கும் யுரிகோ கெய்னோ. 1982இல் வந்த டிக் டக்கில் ஒருவன் மண்ணைத் தோண்டிக்கொண்டே போவான்; அவன் நடக்கும்போது காலடி ஓசை வேண்டும் என்று கெய்னோவிடம் கேட்டார்கள். நம்பும்படியான காலடி ஓசை அந்தச் சில்லில் வரவில்லை. அதற்குப் பதில் அவர் ஒரு மெட்டையே போட்டுவிட்டார். அவன் நடந்தால் மெட்டு நடக்கும். நின்றால் அந்த இடத்திலேயே நிற்கும். ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரி நெருங்கும்போது நாம் தயங்கி நின்றால் பாட்டும் மூச்சைப் பிடித்து நிற்கும். இன்வேடரில் ஆட்டக்காரர் காலத்தைக் கூட்டினார். இங்கே பாட்டே அவர் காலில் கட்டிய சலங்கை.

இப்படி ஆட்டத்தோடு பின்னிய இசையைத் தட்டில் எப்படிப் பதிவது? ஹொசோனோ இரண்டு வழியும் முயன்றார். செவியஸ் போன்ற சிலவற்றில் தன் தாளமும் சின்தசைசரும் சேர்த்தார். வேறு சிலவற்றில் இயந்திரம் பாடுவதைப் பெரும்பாலும் பாடவிட்டு, சுடும் ஓசையும் பரிசு ஓசையும் வந்து விழும்படி விட்டார். எனக்கு இரண்டாவது வகைதான் உசத்தி. அவர் கை வைக்காத இடங்களில்தான் அந்த மூன்று குரல்களின் துல்லியம் தெரிகிறது. செவியஸின் மூல மெட்டு சில நொடிகளே நீளம். ஆட்டம் முடியும்வரை அதுவே சுழலும். அதற்கு டிரம் தேவையா என்ன? இருந்தாலும் ஹொசோனோவுக்கு அதன்மேல் தீராத ஆசை. அதே ஆண்டு ஆகஸ்டில் 'சூப்பர் செவியஸ்' என்று 12 அங்குலத் தட்டு ஒன்றும் போட்டார். அதில் ஜுன்கோ ஓசாவா இசையமைத்த 'டவர் ஆஃப் துருவாகா'வும் சேர்ந்துகொண்டது.

தட்டு இன்றுவரை ஹொசோனோவின் பெயரில்தான் அறியப்படுகிறது. அதில் ஒரு நியாயக்குறைவு உண்டு. மெட்டுகள் அவருடையவை அல்ல. ஆனால் அவர் பெயர் மேலே இல்லாவிட்டால் இசைக்கடைக்காரர் அதைப் பொம்மைக் கடைக்கு அனுப்பியிருப்பார். ஒரு பெரிய இசைக்காரர் தன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். அந்த இடத்தில் பிற்பாடு ஒரு தொழிலே உட்கார்ந்தது.

1986இல் ஆல்ஃபா கேம் இசைக்கென்றே தனி முத்திரை தொடங்கியது. பெயர் ஜி.எம்.ஓ. எந்த மூன்றெழுத்தின் நிழல் என்று சொல்லத் தேவையில்லை. சில ஆண்டுகளில் கேம் நிறுவன ஊழியர்களே குழு அமைத்து மேடையேறினார்கள்: சேகாவில் எஸ்.எஸ்.டி. பேண்ட், டைட்டோவில் ஜுன்டாட்டா. ஜுன்டாட்டாவின் ஹிசயோஷி ஒகுரா 'நிஞ்சா வாரியர்ஸ்' விளையாட்டுக்குச் சுகாரு ஷாமிசென் நரம்பொலியைக் கொண்டுவந்து சேர்த்ததைப் பற்றியே ஒரு வாரம் எழுதலாம். 1990இல் இந்தக் குழுக்கள் டோக்கியோவில் கேம் இசைக்கென்றே விழா நடத்தின. இன்வேடர் மேசையில் 100 யென் போட்ட பையன்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சகமோட்டோவைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. 1987 படமான 'தி லாஸ்ட் எம்பரர்' இசைக்கு ஆஸ்கர் வாங்கிய கையோடு, 1989இல் 'டெங்காய் மாக்யோ' விளையாட்டுக்கு முகப்பிசை கொடுத்தார். 1998 நவம்பர் 27இல் சேகா 'டிரீம்காஸ்ட்' பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை இயக்கியதும் சுருள் சுழன்று வருகையில் ஒலிக்கும் சில நொடி இசையும் அவருடையதே. தகாஹாஷியும் சகமோட்டோவும் 2023இல், மூன்று மாத இடைவெளிக்குள், காலமானார்கள்.

முதல் தட்டைக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஃபயர்கிராக்கரை' மட்டும் தனியாக எடுத்துக் கேட்காதீர்கள். முதல் பக்கத்தை வரிசை குலையாமல், சர்க்கஸ் இரைச்சலிலிருந்து இன்வேடர் வரை, ஒரே மூச்சில் கேளுங்கள். ஜப்பானியப் பதிப்பு கிடைத்தால் அதுவே நல்லது.

அடுத்த வாரம் பென்சில்வேனியாவுக்குப் போகிறோம். வீட்டுக் கணினிக்கு ஒரு உண்மையான சின்தசைசரையே சில்லாகச் செய்து கொடுத்த பாப் யான்னஸ் என்ற பொறியாளரின் கதை.

(தொடரும்)